நெருப்புக் காட்டாத தண்ணீர்

அக்காவின் காய்ச்சல் படியேறி வந்தது. முதல் நாள் புறங்கையால் தொட்டால் தெரிகிற சூடு. மறுநாள் பின்னேரம் அதற்கு மேல் ஒரு படி. காலையில் கொஞ்சம் இறங்கும், பின்னேரம் இறங்கியதையும் சேர்த்து ஏறும். டெங்குக் காய்ச்சலை நான் அறிவேன், என் வீட்டிலேயே இரண்டு தரம் வந்திருக்கிறது. அது கதவைத் தட்டாமல் உள்ளே பாய்கிற சாதி. இது நிதானமாக, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக வந்த ஆளைப்போல வந்தது. ஐந்தாம் நாள் பின்னேரம் நூற்றுமூன்று காட்டியது. அப்போதும் அவள் நெற்றியில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு, "இது கச்சான் வெக்கடா. காத்து விழுந்தா இதுவும் விழும்" என்றாள்.

கச்சான் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனி மாதத்தில் மேற்கே புறப்பட்டு, காய்ந்த காடுகளின் சூட்டையெல்லாம் வாரிவந்து வாவியில் கொட்டுகிற காற்று. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல்களுக்கு நடுவே இருக்கிற சிற்றூர் எங்களுடையது. நான் அங்கே இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் கட்டிய வீட்டுக்குப் போய்விடுவான். நான் களுவாஞ்சிக்குடிக்குப் போய் இருபத்தைந்து வருடமாகிறது. அம்மாவின் வீடு அக்காவுக்கு வந்தது. அத்தான் இறந்தபிறகு அவள் அதில் தனியாக இருந்தாள். பிள்ளை இல்லை. ஊர் வயல்வெளியான வட்டையில் இருந்த மூன்று ஏக்கரை ஆள் பிடித்தும் தானே இறங்கியும் செய்தாள்.

அவளுக்குக் காய்ச்சல் என்றதும் ஒவ்வொரு நாளும் வாவியைக் கடந்தேன். சைக்கிளையும் மனிதரையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போய்வருகிற இரும்பு மிதவையில் காலை ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். போகும்போது எப்படி இருப்பாளோ என்ற யோசனை. வரும்போது எப்படி இருந்தாள் என்ற யோசனை. நடுவில் தண்ணீர், இரண்டு யோசனைக்கும் ஒரே நிறத்தில்.

அடுத்த வளவு மச்சாள்தான் அவளுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தவள். சொந்தத்தில் மச்சாள் முறை. சண்டையில் அதைவிட நெருக்கம். மூன்றாம் நாள் நான் போனபோது இருவரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பதுபோலவே கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னகா, காய்ச்சலெண்டு சொல்லி ஆறுதலாக் கிடக்கிறயா? ஒன்ட மாடு என்ட வாழைக்குள்ள நிக்குது."

"ஒன்ட புரிசன் நட்ட வாழைதானே. மாடும் தின்னாதெண்டு நெனச்சு விட்டன்."

"அவருக்கும் ரெண்டு நாளாத் தலையிடிகா. படுத்த பாய் எழும்பல்ல."

"வாழை நட்ட களைப்பு."

மச்சாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தத் தலையிடி என் காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே அதை விட்டுவிட்டேன்.

ஏழாம் நாள் அக்கா பகிடியை நிறுத்தினாள். என்னைப் பயப்படுத்தியது அதுதான், நூற்றுமூன்று அல்ல. வறட்டு இருமல் ஒன்று வந்து போனது. ஐந்து நாளாக வயிறு போகவில்லை. மாடு வாழைக்குள் நிற்கிறது என்று சொன்னாலும் "நிக்கட்டும்" என்றாள். வயலுக்குத் தண்ணீர் முறை வந்திருக்கிறது என்று சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உலகத்தின்மேல் அவளுக்கிருந்த கோபமெல்லாம் வடிந்து, அந்த இடத்தில் சூடு மட்டும் நின்றது. அன்று பின்னேரமே அவளை வாவி கடத்தி எழுவான்கரைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

வாட்டில் இருந்த டொக்டர் இளம்பெண். களைத்த முகம், அவசரப்படாத கை. எங்கள் ஆட்கள் காய்ச்சல் என்றால் எத்தனை என்று சொல்லிவிட்டு மருந்துக்குக் கை நீட்டுவார்கள். அவள் கட்டில் ஓரத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கதை கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஒரேயடியாக் கூடினதா, நாளுக்கு நாள் கூடினதா?"

"நாளுக்கு நாள், டொக்டர்."

"காலையில குறையுமா?"

"கொஞ்சம் குறையும். பொழுது சாய ஏறும்."

"குளிர் நடுக்கம்?"

"பெரிசா இல்ல."

அக்காவின் மணிக்கட்டில் விரலை வைத்துத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு தரம் பார்த்து, நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தாள். "காய்ச்சல் நூத்திமூண்டு. இதுக்கு நாடி ஓடவேணும். இது நடக்குது" என்று தனக்குள் சொன்னாள். நாக்கை நீட்டச் சொன்னாள். நடுவில் மா பூசியதுபோல வெள்ளை. நுனியும் ஓரமும் மட்டும் சிவப்பு. வயிற்றுத் துணியை விலக்கி வெளிச்சத்தில் குனிந்து தேடினாள். "இதில சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி வரும். எங்கட நிறத்தில தெரியிறது கஷ்டம்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"போன ஒரு மாசத்துக்குள்ள வெளியில எங்கயாவது தண்ணி, சர்பத், ஐஸ் குடிச்சவவா? கலியாண வீடு? கோயில் திருவிழா?"

அவள் கதவடிக்கு வந்துவிட்டாள். அதன் பூட்டுக்குத் திறப்பு என் வாயில் இருந்தது.

அதற்குச் சரியாக மூன்று கிழமைக்கு முன் எங்கள் ஊர் அம்மன் கோயில் சடங்கு. எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழி. அம்மாவின் குடிதான் பிள்ளைகளுக்கு. சடங்கில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் உண்டு, அந்த நாளில் சனத்துக்குத் தாகம் தீர்க்கிற பந்தலும் அந்தக் குடிக்கு. எங்கள் நாளின் பந்தலை அம்மா செய்தாள், அவளுக்குப் பிறகு அக்கா. அந்தப் பந்தலில் ஒரு ஒழுங்கு உண்டு. கோபத்தோடு வந்த அம்மனைக் குளிரப் பண்ணத்தான் அந்தச் சடங்கு. ஆகவே பந்தலில் வைக்கிற தண்ணீர் நெருப்பைக் கண்டிருக்கக் கூடாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் அங்கே தீட்டு. கோயில் கிணற்றில் அள்ளி, பச்சையாக, சீனியும் தேசிக்காய்ப் புளியும் கசகசாவும் போட்டுக் கொடுக்கவேண்டும். தன் வீட்டில் ஒரு நாளும் கொதிக்காத தண்ணீர் குடிக்காத அக்கா, அந்த ஒரு நாள் அப்படித்தான் கொடுத்தாள். வருடா வருடம் அப்படித்தான் கொடுத்தோம். ஒருவருக்கும் ஒன்றும் வந்ததில்லை.

இந்த வருடம், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கென்று கிணற்றிலிருந்து இருபது அடி தள்ளி இரண்டு கக்கூசு கட்டியிருந்தார்கள். பந்தலுக்குத் தண்ணீர் அள்ளியவன் நான். மத்தியானத்துக்குமேல் கிணறு வற்றி, வாளி அடியைத் தொட்டு வந்தது. தண்ணீரில் ஒரு மங்கல். முகர்ந்து பார்த்தேன், மண் வாடையா வேறெதுவா என்று பிரிக்க முடியவில்லை, பிரிக்க விரும்பவுமில்லை. பந்தலுக்கு முன்னால் வெயிலில் சனம் நின்றது. சீனியைக் கூட்டிப் போட்டேன்.

காய்ச்சலின் ஆறாம் நாள் வீட்டில் வைத்து அக்காவிடம் மெதுவாகக் கேட்டிருந்தேன்.

"பந்தல்ல குடிச்சதுதானோ தெரியா, அக்கா."

அவள் பேசுவதைக் குறைத்திருந்த நாள் அது. ஆனால் அதற்கு மட்டும் எழும்பி இருந்தாள்.

"வாயப் பொத்து. அம்மாளுக்கு வச்ச தண்ணி அது. நீ ஆஸ்பத்திரியில போய் உளறினயெண்டா சுகாதாரப் பரிசோதகர் வருவார், கிணத்த மூடுவார். மறுகா அடுத்த வருசம் பந்தல வேற குடிக்குக் குடுப்பானுகள். எனக்குப் பின்னால என்னடா இருக்கு? புள்ளயா குட்டியா? அந்தப் பந்தல்தான்."

நான் வாயைப் பொத்தினேன். அவளுக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன். எழுதும்போது பொய் சொல்லக் கூடாது: எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த மங்கல் தண்ணீரைக் கண்ட கண் என்னுடையது. அதை மூடிக்கொள்ள அவளே எனக்கு அனுமதி தந்துவிட்டாள்.

இப்போது வாட்டில் டொக்டர் பதிலுக்காகக் காத்திருந்தாள். அக்கா தலையணையிலிருந்து என்னையே பார்த்தாள். அன்று முழுக்க எதிலும் ஒட்டாமல் கிடந்த கண்கள் அந்த ஒரு கணம் என்மேல் ஒட்டி நின்றன.

"வெளியில ஒண்டும் குடிக்கிறல்ல, டொக்டர்" என்றேன். "வீட்டுக் கிணத்துத் தண்ணி. அதுவும் கொதிச்சாறின தண்ணி. ஆனா வயலுக்கு இறங்கினவ. காலில புண்ணொண்டும் இருந்தது. வட்டையில இப்ப எலி கூட."

கடைசியில் சொன்ன மூன்றும் உண்மை. ஒரு உண்மையை மறைக்க மூன்று உண்மைகளைக் கொண்டுவந்து அடுக்கினேன். கதை எழுதுகிறவனுக்கு அது கைவந்த வேலை.

"எலிக்காய்ச்சலெண்டா கண் சிவந்திருக்கும், கெண்டைக்கால் நோகும். இவவுக்கு அது ரெண்டும் இல்லயே" என்று டொக்டர் தயங்கினாள். "அக்கம்பக்கத்தில வேற ஆருக்கும் காய்ச்சலா?"

அடுத்த வளவில் ஒருவர் பாயோடு கிடந்தார்.

"இல்ல" என்றேன்.

வயலுக்கு இறங்கினவள், காலில் புண், எலி கூடிய வட்டை. இத்தனையையும் ஒருவன் அடித்துச் சொன்னால் யார்தான் அதை விட்டுவிட்டு நடப்பார்கள்? எலிக்காய்ச்சலுக்கு மருந்து தொடங்கினாள். ஆனாலும் மனம் ஒப்பாமல், இரத்தம் எடுத்துப் பட்டினத்துக்கு அனுப்பினாள். அதை வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல ஒரு கிழமை செல்லும் என்றாள். அவள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"நல்லாச் சொன்னாய்."

எனக்கு அவள் கடைசியாகத் தந்த பாராட்டு அது. அதை எங்கே வைப்பதென்று இன்றைக்கும் தெரியவில்லை.

மூன்று நாள் அந்த மருந்து ஓடியது. காய்ச்சல் இறங்கவில்லை, ஏறவுமில்லை. மேல்படியில் ஏறி அங்கேயே பாய் விரித்துவிட்டது. கட்டி இருந்த வயிறு இளகி, பச்சை கலந்த கஞ்சிபோலப் போகத் தொடங்கியது. அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு விரல்களால் படுக்கை விரிப்பைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள், நாற்றங்காலில் நாற்றுப் பிடுங்குகிறவளைப்போல. நான் அந்தக் கையைப் பிடித்து வைத்தேன். விட்டதும் திரும்பவும் பிடுங்கினாள்.

நாலாம் நாள் காலை, மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு ஊரிலிருந்து திரும்பி வருகிறேன். மிதவையில் மச்சாள் நின்றாள். பக்கத்தில், கம்பியைப் பிடித்தபடி, கச்சானில் வியர்க்காமல் காய்ந்துபோய் அவள் புரிசன். வாழை நட்டவர். ஒருகிழமைக்குள் கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"அக்காக்கு வந்ததுதான் இவருக்கும் போல, மச்சான்" என்றாள். "நாளுக்கு நாள் கூடுது. வயிறும் போகுதில்ல. இவருக்குக் கதைக்க ஏலா, டொக்டரிட்ட நான்தான் சொல்லோணும். நீங்க இத்தின நாளா அங்க நிண்டவர்தானே. அவ என்னென்ன கேப்பா? நான் என்ன சொல்லோணும்?"

மிதவை நடு வாவிக்கு வந்திருந்தது. இயந்திரத்தின் சத்தம் ஒரே சீராக அடித்தது. கரை ஏறும்வரைக்கும் பேசாமல் நின்றிருக்கலாம், நிற்கத்தான் நினைத்தேன். ஆனால் அவள் கேட்டது ஏச்சல்ல, குற்றமல்ல. பிழையில்லாமல் சொல்லிவிடவேண்டும் என்கிற பயம். படித்த மச்சான் சொல்வதை அப்படியே சொல்லிவிடுவாள். அவளுக்கும் நான் எலியைக் கொடுத்தால், எலியோடுதான் போவாள்.

"சடங்கில நம்மட பந்தல்ல சர்பத் குடிச்சவரெண்டு சொல்லுங்க, மச்சாள்" என்றேன். "கோயில் கிணத்துத் தண்ணி, கொதிக்கவைக்காததெண்டு சொல்லுங்க. அத முதல் சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "அக்காக்கும் அதச் சொன்னயளா?"

மிதவை இறங்குதுறையில் முட்டியது. நான் அவர்களுக்கு முன்னால் ஓடினேன். உண்மையாகவே ஓடினேன், இந்த வயதில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

டொக்டர் முழுதையும் கேட்டாள். நான் முடித்தபிறகு அக்காவின் ரிப்போட்டை எடுத்து, முதல் பக்கத்துக்குப் போய், என்னுடைய வாயால் வந்தது அங்கே எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

"நான் உங்களிட்டக் கேட்டனான்" என்றாள்.

"ஓம்."

"கோயில் திருவிழாவெண்டு சொல்லியே கேட்டனான்."

"ஓம், டொக்டர்."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மருந்தை மாற்றி எழுதிக்கொண்டே, "இது நெருப்புக் காய்ச்சல். முதல் நாளே எனக்கு அந்த எண்ணம் வந்தது" என்றாள். "தொடங்கி ரெண்டாம் கிழமை முடியப்போகுது. இதுக்குப் பிறகுதான் குடலில ஓட்டை விழும். உடனே பட்டினத்துக்கு அனுப்புறன்."

எங்கள் ஊரில் டைபோயிட் காய்ச்சலுக்கு முன்னோர் வைத்த பெயர் அது. அக்காவைப் பார்த்தேன். விரிப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் புது மருந்து ஊசியாக ஏறியது. இரண்டாம் நாள் காய்ச்சல் ஒரு படி இறங்கியது. மூன்றாம் நாள் இன்னொரு படி. அன்று மத்தியானம் என்னை அடையாளம் கண்டு, "மாடு?" என்றாள். "வாழைக்குள்ளதான் நிக்குது" என்றேன். வாயின் ஒரு ஓரம் அசைந்தது. பின்னேரம் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தொட்டுப் பார்த்த அங்குள்ள டொக்டரின் கை அங்கேயே நின்றுவிட்டது, வயிறு பலகை. சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். வெட்டித் தைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவள் இறந்தாள். இரத்தத்தை வளர்த்துப் பார்த்த முடிவும் அன்றுதான் வந்தது. அது எங்களுக்குத் தெரிந்ததையே சொன்னது.

எட்டாம் நாள் காரியம் முடிந்தபிறகு கோயில் வண்ணக்கர் வந்தார். எங்கள் குடிப் பெரியவர், கோயில் காரியம் பார்க்கிறவர், கெட்ட மனிதரல்ல. முற்றத்தில் கதிரையில் இருந்து, தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, சனம் எலிக்காய்ச்சலெண்டுதான் பறையுது. வயலுக்கு இறங்கின பொம்புள, ஆருக்கும் ஐமிச்சம் இல்ல. அத அப்பிடியே விட்டா என்ன? அக்காட பேரும் கெடாது, பந்தலும் கைவிட்டுப் போகாது. அவ அதுக்குத்தானே கிடந்து அடிச்சவ."

"ஊரில இன்னும் எத்தின வீட்டில காய்ச்சலோ தெரியா, ஐயா. ஆரார் குடிச்சதெண்டு எனக்குத்தான் தெரியும். அள்ளிக் குடுத்தவன் நான்."

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனார். அந்தப் பந்தல் இனி எங்களுடையதல்ல என்பது அவர் போன விதத்தில் இருந்தது.

மறுநாள் சுகாதாரப் பரிசோதகரோடு வீடு வீடாகப் போனேன். கிணற்றுக்குக் காலையிலேயே மருந்து போட்டு மூடியாயிற்று. இனி ஆட்களைக் கண்டுபிடிக்கவேண்டும். அவரிடம் இருந்தது வெறும் கொப்பி. என்னிடம் முகங்கள் இருந்தன. சிவப்புச் சேலையோடு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள், கச்சானுக்குத் தொப்பி போட்ட கிழவர், இரண்டாம் தரம் வரிசையில் வந்து அகப்பட்டுச் சிரித்த பெட்டை. சனத்தின் தாகத்தைத் தீர்க்கிறோம் என்று மகிழ்ந்து பார்த்த முகங்கள். ஒவ்வொரு படலையிலும் அந்த டொக்டர் கேட்டதையே கேட்டேன். ஒரேயடியாக் கூடினதா, நாளுக்கு நாள் கூடினதா? காலையில குறையுமா? வயிறு போகுதா? இருந்த இடத்திலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாரா? இரண்டு வீட்டில் ஓம் என்றார்கள். அவர்களை அன்றே அனுப்பினோம். ஒரு வீட்டில் படலையைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல், "அம்மாளுக்குப் பழி போட வந்திட்டான்" என்றது.

கடைசியாக மச்சாளின் வளவு. அவள் புரிசன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, முற்றத்தில் கதிரையில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கொஞ்சம் தசை வந்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், மச்சாள் தோளை அமத்தி இருத்தினாள். பரிசோதகர் அவருடைய விபரத்தை எழுதினார்: எந்த நாள் குடித்தது, எந்த நாள் காய்ச்சல் தொடங்கியது. பிறகு பக்கத்தைப் புரட்டி, "அடுத்த வளவும் இதில வரோணும். உங்கட அக்கா" என்றார்.

நான் அக்காவின் விபரத்தைச் சொன்னேன். வயது. காய்ச்சல் தொடங்கிய நாள். மச்சாள் வேலிப் பக்கம் திரும்பி நின்றாள். நான் சொல்லி முடித்ததும், திரும்பாமலே கேட்டாள்:

"அவ எப்பவும் எல்லாருக்கும் குடுத்து முடிச்சுத்தானே தான் குடிப்பா. அவவுக்கும் நீங்கதான் ஊத்திக் குடுத்தயளா, மச்சான்?"

"ஓம்."

பரிசோதகர் தலை நிமிராமல், பேனாவைக் கோட்டில் வைத்தபடி, "எத்தின கிளாஸ்?" என்றார்.

"ரெண்டு" என்றேன். "ரெண்டாவத வேணாமெண்டவ. நான்தான் விடல்ல."

அவர் இரண்டு என்று எழுதினார்.